‘இம்பால்பபிள்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இம்பால்பபிள்’ என்றால் என்ன பொருள்?

தொட்டுப் பார்த்தும் கைக்குத் தெரியாதது. இதுதான் அடிப்படைப் பொருள். இதிலிருந்து பிறந்த இரண்டாவது பொருள், மனத்துக்குச் சட்டென்று பிடிபடாதது. சொல் பெயரடை, இதன் வினையடை ‘இம்பால்பப்ளி’. அன்றாட ஆங்கிலப் பேச்சில் அரிதாகத்தான் காதில் விழும். பழைய அறிவியல் நூல்கள், மருத்துவக் குறிப்புகள், கவிதை, கதை இவற்றில் எதிர்ப்படும்.

அகராதியில் ‘தொட்டுணர முடியாத’ என்று பார்த்துவைத்துக்கொண்டு வாசிக்கப் போகிறவர்கள் பல இடங்களில் இடறுகிறார்கள். பொடியைப் பற்றி வந்தால் இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள், உடம்பைப் பற்றி வந்தால் ஒன்று, மனத்தைப் பற்றி வந்தால் வேறொன்று. மூன்றுக்கும் தமிழில் நல்ல சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. ஒரே தமிழ்ச் சொல்லை மூன்றின் மேலும் போர்த்துவதால்தான் மொழிபெயர்ப்பு செத்துப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எப்படி உச்சரிக்க வேண்டும்?

அழுத்தம் இரண்டாம் அசையான ‘பால்’ மேல் விழ வேண்டும். தமிழில் எழுதும்போது மூன்று ‘ப’ வருகின்றன. முதல் இரண்டும் ‘படம்’ என்பதில் வரும் ப. கடைசியது ‘அம்பு’ என்பதில் வரும் ப. ம்-க்குப் பின் வரும் பகரத்தை நாம் இயல்பாகவே மெலித்துச் சொல்வோம் என்பதால் முதல் பகரத்தில்தான் நாக்கு தவறும். அதை வல்லினமாகவே சொல்ல வேண்டும்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘பல்பாரே’ என்றால் மெல்லத் தொடுதல், தடவுதல். அதிலிருந்து தொட்டறியக்கூடியது என்ற பொருளில் ‘பால்பபிள்’ வந்தது. முன்னால் எதிர்மறை ‘இன்’ சேர்ந்து, பகரத்துக்கு முன் ‘இம்’ ஆனது.

இதே குடும்பத்தில் நமக்குத் தெரிந்த சொற்கள் சில உண்டு. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பது ‘பால்பேஷன்’. நெஞ்சு படபடப்பது ‘பால்பிடேஷன்’. இது ‘பல்பாரே’யின் அடுக்கு வடிவத்திலிருந்து வந்தது, தொட்டுத் தொட்டுத் துடிப்பது என்ற கருத்தில். பூச்சிகளின் வாயருகே உணர்வதற்கென்று நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்புக்குப் பெயர் ‘பால்ப்’. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் பெண் கொசுவுக்கு இது உறிஞ்சுகுழல் அளவுக்கே நீளமாக இருக்கும். கியூலெக்ஸ் பெண் கொசுவுக்குக் குட்டையாக இருக்கும். ஒரு கொசுவைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த வகை என்று கேட்டால், பூச்சியியல் படித்தவர்கள் முதலில் பார்க்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று.

‘பால்பபிள்’ என்றால் ‘வெளிப்படையான’ என்கிறார்களே. அப்படியானால் ‘இம்பால்பபிள்’ என்பது ‘வெளிப்படையாக இல்லாத’ என்றுதானே ஆகும்?

இல்லை. இந்த இணையில் ஒரு பாதி நகர்ந்துவிட்டது, மறுபாதி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

‘பால்பபிள்’ இன்று பெரும்பாலும் ‘கண்கூடான’, ‘அப்பட்டமான’ என்ற பொருளில் வருகிறது. அறையில் நிலவிய இறுக்கம் ‘பால்பபிள்’ ஆக இருந்தது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அங்கே யாரும் எதையும் தொடுவதில்லை. ஆனால் ‘இம்பால்பபிள்’ தொடுதலை இன்னும் விடவில்லை. அதன் பின்னால் எப்போதும் ஒரு விரல் நீண்டிருக்கும்.

பால்பபிளும் ஒரு காலத்தில் விரலோடுதான் இருந்தது. யாத்திராகமம் 10ஆம் அதிகாரத்தில் எகிப்தின் மேல் இருள் வருகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ் வேதாகமம் அதைத் ‘தடவிக்கொண்டிருக்கத்தக்கதான இருள்’ என்கிறது. லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘பல்பாரே’ என்ற வினைதான் வருகிறது. மில்டன் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் 12ஆம் காண்டத்தில் அதே இருளைப் பால்பபிள் இருள் என்று பாடினார். தமிழாக்கியவர்கள் ‘அடர்ந்த இருள்’ என்று எளிதாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ‘தடவி’ என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களைக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தும் இப்படித்தான். காற்றில் ஒரு குத்துவாள் தெரிகிறது. பிடிக்கப் பார்க்கிறான், கையில் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரிகிறாய், தொடுகைக்குத் தெரிய மாட்டாயா என்று அதையே கேட்கிறான். பிறகு இடுப்பிலிருந்து தன் சொந்தக் குத்துவாளை உருவி, இதைப் போலவே அதுவும் பால்பபிள் வடிவத்தில் நிற்கிறது என்கிறான். கைக்கு வராத ஒன்றைப் பார்த்து, ‘கைக்கு வரக்கூடியது’ என்று பொருள்படும் சொல்லைச் சொல்கிறான். அவன் புத்தி எவ்வளவு கலங்கிவிட்டது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. சொல்லின் மூலப்பொருள் தெரியாமல் இந்த இடத்தை வாசித்தால் பாதி போய்விடும்.

‘இம்பால்பபிள் பவுடர்’ என்று பழைய நூல்களில் வருகிறதே, அது என்ன? தொட முடியாத பொடியா?

இதுதான் அதிகம் குழப்பும் இடம். பொடியைத் தொட முடியும். பொடியில் உள்ள துகளைத்தான் உணர முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் கொஞ்சம்கூட நறநறக்கக் கூடாது. அந்தப் பதத்துக்குத்தான் ‘இம்பால்பபிள்’ என்று பெயர். 18, 19ஆம் நூற்றாண்டு வேதியியல், மருந்தாக்கம், வண்ணத் தயாரிப்பு நூல்களில் இதை நிறையப் பார்க்கலாம். அளவுகோல் எட்டாத நுண்மைக்கு அன்றைக்கு விரல்தான் கருவி.

அந்தப் பதத்தை எப்படி வரவழைத்தார்கள்? ‘லெவிகேஷன்’ என்ற முறையில். பொருளைத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அரைத்ததை நிறைய நீரில் கலக்கிச் சற்று விடுவார்கள். பெருந்துகள்கள் சீக்கிரம் அடியில் தங்கிவிடும், நுண்துகள்கள் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். அந்தக் கலங்கல் நீரைத் தனியே இறுத்துத் தெளியவிட்டால், அடியில் கடைசியாகப் படிவது நறநறப்பே இல்லாத வண்டல். மருந்துக்கான சுண்ணக்கட்டிப் பொடியை இப்படித்தான் எடுத்தார்கள்.

தமிழ் மருத்துவத்துக்கு இது புதிதல்ல. சூரணத்தை மெல்லிய துணியில் சலிப்பதை ‘வஸ்திரகாயம் செய்தல்’ என்பார்கள். பற்பம், அதாவது நெருப்பில் புடமிட்டு நீற்றிய மருந்துப் பொடி, சரியாக முடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சித்த மருத்துவர்கள் வைத்திருக்கும் சோதனைகளில் ஒன்று, அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பது. பற்பம் விரலின் ரேகைப் பள்ளங்களுக்குள் போய்ப் படிய வேண்டும். ரேகை மேட்டில் துகள் உருண்டால் புடம் போதவில்லை. இன்னொரு சோதனை, அசையா நீரின் மேல் சிட்டிகை பற்பத்தைத் தூவினால் அது மிதக்க வேண்டும். ‘இம்பால்பபிள் பவுடர்’ என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆகவே இங்கே ‘தொட்டுணர முடியாத பொடி’ என்று மொழிபெயர்க்காதீர்கள். ‘நறநறப்பே இல்லாத நுண்பொடி’ என்று எழுதுங்கள். விழுதாக இருந்தால் ‘மைய அரைத்தது’. சமையல்கட்டில் எல்லாரும் சொல்கிற இந்த ‘மைய’ என்ற சொல்லை அறிவியல் தமிழில் ஏன் கைவிட்டோம் என்று புரியவில்லை.

துகள் எவ்வளவு சிறிதானால் உணர முடியாமல் போகும்?

அது எந்த உறுப்பு, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது. சாக்லெட் செய்கிறவர்கள் நாக்கை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். துகள் ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் போனால் வாயில் மணல் போலத் தட்டும் என்பதால், உருளைகளுக்கிடையே நசுக்கி அதற்குக் கீழே கொண்டுவருகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மண்ணாய்வில் இன்றும் விரல்தான் முதல் சோதனை. ஒரு பிடி மண்ணை ஈரப்படுத்திப் பிசைவார்கள். சொரசொரத்தால் மணல், அது 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை. மாவு போல வழுக்கினால் வண்டல். விரலில் ஒட்டினால் களி. அதன் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழ். களித்துகளைத் தனியாக எந்த விரலாலும் உணர முடியாது, ஒட்டுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

புகழ்பெற்ற ஒரு பயன்பாட்டு எடுத்துக்காட்டு தர முடியுமா?

சார்லஸ் டார்வினுடையது. 1832 ஜனவரி 16 அன்று பீகிள் கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வர்டி தீவுகளில் ஒன்றான சாந்தியாகுவில் நங்கூரமிட்டது. டார்வினுக்கு அப்போது 22 வயது. அங்கே வானம் பொதுவாக மங்கலாக இருப்பதற்கு விழுந்துகொண்டே இருக்கும் தூசிதான் காரணம் என்று பயண நூலில் எழுதும்போது, அந்தத் தூசியை ‘இம்பால்பப்ளி ஃபைன்’ என்கிறார். கப்பலின் வானியல் கருவிகளுக்கு அதனால் லேசான சேதம்கூட ஏற்பட்டதாம். விரலுக்குத் தெரியாத தூசி, கருவிக்குத் தெரிந்துவிட்டது.

நங்கூரமிட்டதற்கு முந்தைய தினக் காலையில்தான் அவர் அந்தத் தூசியைச் சிறு பொட்டலமாகச் சேர்த்திருந்தார். பாய்மர உச்சியில் காற்றுத்திசை காட்டியின் வலைத்துணி காற்றிலிருந்து வடிகட்டிப் பிடித்து வைத்திருந்த பழுப்புத் தூசி அது. அவர் அனுப்பிய ஐந்து பொட்டலங்களை ஜெர்மன் ஆய்வாளர் எரன்பெர்க் நுண்ணோக்கியில் பார்த்து 67 வகை உயிர் வடிவங்களை இனம்கண்டார். இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. கரையிலிருந்து 300 மைல் தள்ளி ஒரு கப்பலில் சேகரித்த தூசியில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுப் பெரிய கல்துகள்கள் கிடந்ததைக் கண்டு வியந்ததாக டார்வின் சொல்கிறார். அது 25 மைக்ரான் அளவு. சாக்லெட்காரர்கள் நாக்கு உணரத் தொடங்கும் என்று சொல்கிற எல்லைக்கு அருகில் வருகிறது. டார்வின் அந்தச் சொல்லை அலங்காரத்துக்காகப் போடவில்லை, அளந்துதான் போட்டிருக்கிறார்.

மருத்துவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களா?

பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. அமெரிக்க வழக்கில் ‘நான்-பால்பபிள்’ என்பார்கள். நம் ஊர் மருத்துவக் குறிப்புச் சீட்டுகளில் பெரும்பாலும் ‘நாட் பால்பபிள்’ என்றிருக்கும். பையன் குழந்தைகளில் விதை இறங்காமல் இருப்பது ஒரு பிரச்சினை. அப்படி இறங்காதவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கைக்குத் தட்டுப்படாது. அதைத்தான் ‘இம்பால்பபிள்’ என்று எழுதுவார்கள். அங்கே விதை இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. வயிற்றுக்குள் இருக்கலாம், சிறு துளை வழியே கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தால்தான் தெரியும். குறிப்பைப் படித்துவிட்டுப் பெற்றோர் கலங்கிப்போக இந்த ஒரு சொல் போதும். ‘கைக்குத் தட்டுப்படவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மண்ணீரலும் நல்ல எடுத்துக்காட்டு. இடப்பக்க விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு வீங்கினால்தான் பொதுவாகக் கைக்கு வரும். இதை வைத்தே மலேரியா எங்கே அதிகம் என்று கணக்கெடுத்தார்கள். 1840களின் இறுதியில் யமுனைக் கால்வாய்ப் பகுதிக் கிராமங்களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் ஆட்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் தட்டுப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். பிற்காலத்தில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளை வைத்து அளவு வகுத்தார்கள். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நோய் குறைந்த ஊர். எப்போதும் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நோய் ஆழமாக வேரூன்றிய ஊர். நுண்ணோக்கி போகாத ஊர்களுக்கும் விரல் போனது.

உடம்பு சார்ந்த இந்தப் பொருளுக்குத் தமிழ் ‘கைக்குத் தட்டுப்படாத’. கட்டி தட்டுப்படுகிறது, தட்டுப்படவில்லை என்றுதானே வீட்டில் சொல்கிறோம்?

‘இன்டாஞ்சிபிள்’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். புழக்கத்தில் வேறு வேறு. ‘இன்டாஞ்சிபிள்’ என்பதற்கு மூலமும் தொடுதல்தான், லத்தீனில் ‘தாங்கெரே’. ஆனால் அது சட்டத்துக்கும் கணக்குக்கும் குடிபோய்விட்டது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவு, விற்பனையைப் பற்றிப் பேசும்போது ‘இன்டாஞ்சிபிள் திங்’ என்று ஒரு வகையைச் சொல்கிறது. அதைப் பதிவு செய்த ஆவணம் மூலம்தான் விற்க முடியும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 32ஆம் பிரிவில் காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி, உரிமம் போன்றவை ‘இன்டாஞ்சிபிள் அசெட்’ என்று வந்தன. 1998 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்போ வாங்கியவற்றுக்குத் தேய்மானம் கோரலாம் என்றார்கள். வணிக நற்பெயரை 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதிலிருந்து நீக்கியது. யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கை கூத்து, சடங்கு, கைத்தொழில் அறிவு ஆகியவற்றைக் காக்க வந்தது. கேரளத்தின் கூடியாட்டம் அதன் பட்டியலில் இருக்கிறது. அங்கும் சொல் ‘இன்டாஞ்சிபிள்’தான்.

இவற்றில் எந்த இடத்திலும் ‘இம்பால்பபிள்’ போட முடியாது. காப்புரிமையைத் தடவிப் பார்க்க யாரும் கை நீட்டுவதில்லை. தொடுகிற பேச்சுக்கே இடமில்லாதது இன்டாஞ்சிபிள். கை நீட்டித் தொட்டும் தெரியாமல் போவது இம்பால்பபிள்.

இதைப் போன்ற மற்ற சொற்கள்?

‘இம்பர்செப்டிபிள்’ எந்தப் புலனுக்கும் எட்டாதது. மிக மெதுவான மாற்றத்துக்கு அடிக்கடி வரும். ‘இன்கார்ப்போரியல்’ உடல் இல்லாதது. ஆங்கிலச் சொத்துச் சட்டத்தில் வழிநடை உரிமை போன்றவற்றுக்கு வரும், ஆன்மாவுக்கும் வரும். ‘இம்பான்டரபிள்’ எடைபோட முடியாதது. வெப்பம், ஒளி, மின்சாரம் எல்லாம் எடையற்ற திரவங்கள் என்று அறிவியலாளர்கள் நம்பிய காலத்தில் பிறந்த பயன்பாடு அது. 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இருந்தன. இன்று முன்கூட்டிக் கணிக்க முடியாத காரணிகளுக்கு அந்தச் சொல் வருகிறது.

மனம் சார்ந்த பொருளில் எப்படிப் பயன்படுத்துவது?

இருப்பது தெரிகிறது, இன்னது என்று சொல்ல வரவில்லை: அந்த நிலைக்கு. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் தொனியில் ஏதோ மாறியிருக்கிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றுகிறது. இரண்டு வாதங்களுக்கிடையே மயிரிழை வேறுபாடு. இங்கெல்லாம் ‘இம்பால்பபிள்’ பொருந்தும். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1856இல் வெளியிட்ட, புரூக்ளின் படகுத்துறையைப் பற்றிய கவிதையில், எல்லாப் பொருள்களிலிருந்தும் எல்லா வேளையும் தனக்குக் கிடைக்கும் ஊட்டத்தை ‘இம்பால்பபிள்’ என்கிறார். ஊட்டம் வந்து சேர்கிறது, கை வைத்துக் காட்ட முடியவில்லை.

தமிழில் இதற்கு ‘பிடிபடாத’ என்பதே போதும். ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்னும்போது கையும் மனமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

பழந்தமிழில் இந்தக் கருத்துக்குச் சொல் உண்டா?

தொடுபுலனுக்குத் திருக்குறள் தரும் பெயர் ‘ஊறு’. 27ஆம் குறளில் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று வரும். தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவு உயிரைச் சொல்லும்போது ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் இருப்பது தொட்டறிதல் மட்டுமே. அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘உற்றறிய முடியாத’ என்பது ‘இம்பால்பபிள்’ என்பதன் முதற்பொருளுக்கு மிகச் சரியாக அமையும். ‘ஊறு’ என்பதைத் தனியாக எடுத்தால் இன்றைய வாசகருக்குத் தீங்கு என்ற பொருள்தான் முதலில் தோன்றும், ஆகவே அதைத் தவிர்க்கலாம்.

தொல்காப்பியப் பொருளியலில் ஒரு நூற்பா கற்பு, ஏர், எழில், சாயல், நாண், மடன், நோய், வேட்கை, நுகர்வு என்று அடுக்கிக்கொண்டே போய், இவை எல்லாம் ‘நெஞ்சு கொளின் அல்லது காட்டல் ஆகாப் பொருள என்ப’ என்று முடிக்கிறது. நெஞ்சால் கொள்ளலாம், எடுத்துக் காட்ட முடியாது. இது ‘இன்டாஞ்சிபிள்’ என்பதற்கே கூடுதலாகப் பொருந்தும். ‘காட்டலாகா’ என்பதைப் பொடிக்கோ கட்டிக்கோ போட்டால் தவறாகிவிடும். பண்பாட்டு மரபு பற்றி எழுதுகிறவர்கள் ‘காட்டலாகா மரபு’ என்று எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சைவ சித்தாந்தத்தின் ‘அருவம்’ இங்கே உதவாது. அது உருவின்மையைச் சொல்கிறது, கண்ணோடு தொடர்புடையது.

தேர்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் எழுதலாமா?

அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். படிக்கிறவர் அகராதியைத் தேட நேரும். இலக்கியக் கட்டுரையில் எழுதலாம், ஒரு கட்டுரைக்கு ஒரு முறை.

எந்தச் சொற்களோடு குழப்பிக்கொள்கிறார்கள்?

‘அன்பாலட்டபிள்’ என்பதோடுதான் அதிகம். அதற்கு வாய்க்குப் பிடிக்காத, ஏற்கக் கசப்பான என்று பொருள். அடுத்து ‘இம்ப்ளாசிபிள்’, நம்பும்படி இல்லாதது. வேகமாக வாசிக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஐயம் வந்தால் சொல்லின் நடுவே ‘பால்ப்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சு விரலைப் பற்றியது.